பூட்டினது தெரியக் கூடாது

எம்மா, அந்தப் பைய கொஞ்சம் அங்கிட்டு தள்ளிக்கிடுதியா? மடியில மக்ரூன் டப்பா இருக்கு, இடிச்சா பொடிப்பொடியாப் போயிரும். ஆங், போதும். நாகர்கோவிலா நீ? நான் வள்ளியூர். நல்லதாப் போச்சு, அது வரைக்கும் பேச்சுத் தொணைக்கு ஆளாச்சு. சன்னல் பக்கம் நீயே இருந்துக்க, எனக்குக் காத்து அடிச்சா காது அடைச்சிக்கிடும்.

நர்ஸா? அப்போ நான் சொன்னா உனக்கு டக்குன்னு புரியும். உங்க வார்டுல மருந்து அலமாரி இருக்கும்லா. சில மருந்த யாரும் எடுக்கலாம். சில மருந்த சாவி வச்சிருக்க சிஸ்டர்தான் எடுக்கணும். உண்டா, இல்லியா? என் வேலையும் அதுதான். என்ன, மருந்துக்குப் பதிலா கம்ப்யூட்டரு. தூத்துக்குடி பீச் ரோட்டுல ஒரு ஏஜென்சி ஆபீசு. ஹார்பருக்குப் போற கண்டெய்னருக்கெல்லாம் காயிதம் போட்டுக் குடுக்கது எங்க வேல. அங்க நான் சிஸ்டம் இன்சார்ஜு. டெல்பின் வாஸுன்னு கேட்டா ஹார்பர்ல பாதிப் பேருக்குத் தெரியும்.

அதாவது, கம்ப்யூட்டரத் தொறந்தா இடது பக்கம் வரிசையா வரி வரியா வரும். புதுசா பதியதுக்கு ஒண்ணு, எடிட் பண்ணுததுக்கு ஒண்ணு, டெலிட் பண்ணுததுக்கு ஒண்ணு, பிரிண்டு எடுக்கதுக்கு ஒண்ணு, இப்படி. அதத்தான் மெனுங்காவ. அதுல யாருக்கு எந்த வரி தெரியணும், யாருக்குத் தெரியக் கூடாதுன்னு முடிவு பண்ணுதது நான். லேசுப்பட்ட வேல இல்ல பாத்துக்க. ஒரு ஆபீஸோட குடுமியே கையில இருக்க மாரி.

மொதல்ல அப்படியெல்லாம் கெடையாது. எல்லாரு கம்ப்யூட்டர்லயும் எல்லா வரியும் இருந்துச்சு. நான்பாட்டுக்கு ஏசி மிஷினுக்குக் கீழ, மூலையில ஒரு சீட்டுல உக்காந்திருப்பேன். காலையில போய் உக்காந்தா சாயங்காலம் எந்திரிக்கும்போதுதான் என் குரல நானே கேப்பேன். "வாரேன்"னு சொல்லிட்டு வருவேன், யாரும் "சரி"ங்கவும் மாட்டாவ. டீ கொண்டாறவர்கூட என் சீட்டுக்கு வராம, நடுவுல உள்ள மேசையில வச்சிட்டு "அங்ஙன இருக்கு"ன்னு கைய காட்டிட்டுப் போயிருவாரு. வீட்டுலயும் ஒத்தையிலதான். அம்மா போனப்பொறவு வீட்டுல சத்தம்னா மிக்ஸி சத்தந்தான்.

அப்போ கிங்ஸ்லின்னு ஒரு பய. ஹார்பருக்கு காயிதம் கொண்டு போறவன், வெளி வேலக்காரன். ஒருநா ஆபீஸ்ல சும்மா இருக்கோமேன்னு யாரு கம்ப்யூட்டர்லயோ உக்காந்து எதையோ அமுக்கி, ஒரு பெரிய பார்ட்டியோட பதிவ மொத்தமா அழிச்சிட்டான். மொதலாளி, பொன்ராஜ் அண்ணாச்சி, தல தலையா அடிச்சிக்கிட்டாவ. நான் பழைய காப்பியில இருந்து எடுத்துக் குடுத்தேன். "எம்மா டெல்பினு, இனிமே அழிக்க அதிகாரம் உன் ஒருத்திகிட்டதான் இருக்கணும். வேற எவன் கையும் படக் கூடாது"ன்னாவ.

சரின்னு அந்த ஒரு வரிய எல்லாரு கம்ப்யூட்டர்ல இருந்தும் எடுத்துவிட்டேன். மறுநா காலையில என்னாச்சு தெரியுமா? என் சீட்டுகிட்ட ஆளு நிக்கி! "அக்கா, ஒரு பில்லு தப்பாப் போட்டுட்டேன், கொஞ்சம் வந்து அழிச்சு விடுதியளா"ன்னு ஒருத்தரு. அவரு போவ இன்னொருத்தரு. கோயில்ல சாமியாருகிட்ட பாவசங்கீர்த்தனத்துக்கு நிப்பாவள்லா, அந்த மாரி நிக்காவ. நான் எந்திரிச்சுப் போய், அவிய கீபோர்டுல என் பாஸ்வேர்டப் போட்டு, வேலைய முடிச்சுக் குடுத்துட்டு வருவேன். "தேங்க்ஸுக்கா"ம்பாவ. ஒரு நாள்ல அத்தன தேங்க்ஸு நான் அதுவரைக்கும் வாங்குனதே கெடையாது.

பொறவு பாத்தா, அழிக்கத மட்டும் பூட்டுனா பத்தாதுன்னு பட்டுது. திருத்துனாலும் ஆபத்துதான? அதையும் எடுத்தேன். ரெண்டாவது தடவ பிரிண்டு எடுக்கதுல பேப்பரு வீணாவுதுன்னு அதையும் எடுத்தேன். தேதி மாத்துறது, பென் டிரைவ் சொருவுறது, ஸ்கிரீன்ல படம் மாத்துறது, எல்லாத்துக்கும் காரணம் உண்டு, ஒண்ணையும் நான் வீம்புக்குப் பண்ணல. மொதலாளியே ஒருநா கண்ணாடி போடாம என்னத்தையோ அமுக்கிட்டு மாட்டிக்கிட்டாவ. "எனக்கும் பூட்டிரும்மா, பாக்க மட்டும் வச்சா போதும்"னுட்டாவ. ஹா! மொதலாளிக்கே பூட்டு போட்டவ உன் பக்கத்துல இருக்கேன்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, சொல்லுதேன் கேளு. பூட்டுறதுல ரெண்டு விதம் உண்டு. ஒண்ணு, அந்த வரி அங்கேயேதான் இருக்கும், மங்கலாத் தெரியும், அமுக்குனா "உங்களுக்கு அனுமதி இல்லை"ன்னு மூஞ்சில அடிச்ச மாரி சொல்லும். அது மனுசருக்குக் கோவத்த உண்டாக்கும். இன்னொண்ணு, அந்த வரியவே காட்டாது. அப்படி ஒண்ணு இருந்த அடையாளமே இருக்காது. மத்தவுக எல்லாருக்கும் இருக்கும், அந்த ஆளுக்கு மட்டும் இருக்காது. பாக்கவனுக்கு மெஷின்ல என்னமோ கோளாறுன்னுதான் தோணும், இல்ல நமக்குத்தான் சரியாத் தெரியலியோன்னு தோணும். நான் ரெண்டாவது விதந்தான் பண்ணுவேன். பூட்டினது தெரியக் கூடாது, அதான் மரியாத.

வடிவு ஒருதடவ கேட்டா, "ஏங்க்கா, பூட்டுனா பூட்டுனதாத் தெரிய வேண்டாமா? நான் அரமணி நேரமா அந்த எடிட்ட தேடிக்கிட்டு இருக்கேன், எனக்குக் கோட்டி புடிச்சிருச்சோன்னு நெனச்சேன்"னு. நான் சொன்னேன், "ஏட்டி, தெரிஞ்சா மனசு சங்கடப்படும்லா. தெரியாம எடுக்கதுதான் மரியாத"ன்னு. அவ தலைய ஆட்டிட்டு சீட்டுக்குப் போயிட்டா. நல்லா மனசுல வாங்கிக்கிட்டான்னு நெனச்சேன்.

வடிவு யாருன்னு சொல்லலியோ? அவளப் பாக்கதான் போய்க்கிட்டு இருக்கேன். சண்முகவடிவு. எங்க ஆபீஸ்ல சன்னலோர சீட்டு. கண்டெய்னர் நம்பரு, லாரி நம்பரு எல்லாம் அவதான் பதிவா. சொந்த ஊரு வள்ளியூரு. வீட்டுக்காரரு சவுதியில. பொம்பளப் புள்ள ஒண்ணு, அத அவ அம்மாகிட்ட ஊர்ல விட்டுட்டு, இவ தூத்துக்குடியில ஹாஸ்டல்ல இருந்து வேலைக்கு வந்தா. பாவம், எப்பம் பாத்தாலும் புள்ள நெனப்புதான். கம்ப்யூட்டர் ஸ்கிரீன்லயே அந்தப் புள்ள படந்தான் போட்டு வச்சிருந்தா. முன்பல்லு ரெண்டும் விழுந்து, ஈன்னு சிரிச்சிக்கிட்டு இருக்கும். அழகுப் புள்ள.

எனக்கு அந்த ஆபீஸ்ல ஒரே கூட்டு அவதான். ஒரு நாளைக்கு எத்தன தடவ வருவா! கண்டெய்னர் நம்பரு நீளமா இருக்கும்மா, எழுத்தும் நம்பருமா. அவசரத்துல ஒண்ணு ரெண்டு பெசகிரும். பெசகுனா நேரா என்கிட்டதான வரணும்? வருவா. "அக்கா, கொஞ்சம் தொறந்து விடுங்கக்கா." நான் அவ சீட்டுக்குப் போயி பக்கத்துல ஒரு நாக்காலிய இழுத்துப் போட்டு உக்காந்துருவேன். பாஸ்வேர்டு போட எம்புட்டு நேரம் ஆவும்? கண்ண மூடித் தொறக்க நேரந்தான். நான் பைய பையத்தான் போடுவேன். அதுக்குள்ள ரெண்டு வார்த்த பேசிக்கிடலாம்லா. எங்க அம்மா கத, எங்க வீட்டு ஓடு ஒழுவுன கத, எனக்கு ஒரு மாப்பிள பாத்து அது நின்னுபோன கத, எல்லாம் அவகிட்டதான் சொல்லியிருக்கேன். அவ கைய கீபோர்டுக்குப் பக்கத்துலயே வச்சிக்கிட்டு, கடியாரத்தப் பாத்துக்கிட்டே கேப்பா. வேலையில அம்புட்டு அக்கற அவளுக்கு.

டோல்கேட்டா? வாகைக்குளம் வந்துட்டா அதுக்குள்ள! பேசிக்கிட்டே வந்தா தூரமே தெரிய மாட்டேங்கு.

பொறவு அந்தப் படத்துக்கும் ஒரு வழி பண்ண வேண்டியதாப் போச்சு. ஆளாளுக்கு சாமி படம், நடிகர் படம்னு போட்டு வச்சிருந்தாவ. ஆபீஸ்னா ஒரே மாரி இருக்க வேண்டாமா? எல்லாத்தையும் எடுத்துட்டு கம்பெனி முத்திரையப் போட்டு, படம் மாத்துற வரியவும் எடுத்துட்டேன். வடிவு வந்து நின்னா. "அக்கா, எம் புள்ள படம்"னா. "அது பத்தரமா என்கிட்ட இருக்கு, எப்பம் பாக்கணும்னாலும் வா, காட்டுதேன்"ன்னேன். சும்மா சொல்லல, நெசமாவே என் கம்ப்யூட்டர்ல போட்டு வச்சேன். ஒரு தடவயாவது வந்து பாப்பான்னு பாத்தேன். வரல. வேல ஜாஸ்தி.

இப்பவும் என் ஸ்கிரீன்ல அதுதான் இருக்கு. காலையில தொறந்ததும் அந்தப் பொக்க வாயிலதான் முழிப்பேன். வெறும் முத்திரைய எதுக்குப் பாத்துக்கிட்டு கெடக்கணும், சவம்.

நீ மக்ரூன் சாப்புடுவியா? இல்ல, இது இப்பம் பிரிக்க முடியாது, விசேச வீட்டுக்குக் கொண்டுபோறது. அடுத்த தடவ பாத்தா தாரேன்.

இனிமேதான் வெவகாரம் இருக்கு. மாதா கோயில் கொடியேத்தம். எங்க தெருவே அன்னைக்கு பகல் மாரி ஜொலிக்கும், வீட்டுக்கு வீடு ஆளு வரும், சாப்பாடு நடக்கும். நான் வருசா வருசம் ஆபீஸ்ல எல்லாரையும் கூப்புடுவேன். "வாரோம்க்கா, வாரோம்க்கா"ம்பாவ. வர மாட்டாவ. வச்ச சோத்த மறுநா தண்ணி ஊத்தி நானே சாப்புடுவேன். அந்த வருசம் வடிவுகிட்ட முன்னாடியே சொல்லிட்டேன். "ஏட்டி, நான் லீவு போட்டுட்டு சமைக்கப் போறேன். ஆபீஸ்ல இருந்து எங்க வீடு ஒரு எட்டு. மத்தியானம் சாப்பாட்டுக்கு நீ வந்துதான் ஆவணும்"னு. "பாக்கேன்க்கா"ன்னா. பாக்கேன்னா வாரேன்னுதான அர்த்தம்?

காலையிலயே போயி சீலா மீனு வாங்கியாந்து கொழம்பு வச்சேன். நல்ல புளிப்பு மாங்காயா போட்டு. எலகூட வாங்கி வச்சிருந்தேன். ரெண்டு எல. நானும் புதுச் சேல உடுத்திக்கிட்டு வாசல்ல உக்காந்திருக்கேன். தெருவுல மேளம், பலூன் விக்கவன், சின்னப் புள்ளைய சத்தம். எல்லாரு வீட்டுக்கும் ஆளு வருது போவுது.

அப்பம் போன் அடிச்சிச்சு. பாத்தா வடிவு. எனக்கு நெஞ்சு அப்படியே குளுந்துட்டு. கெளம்பிட்டா போல, வழி கேக்கான்னு நெனச்சேன். எடுக்கப் போனவ, ஒரு நிமிசம் யோசிச்சேன். வழி கேக்கவா இருந்தா, தெருவுக்குள்ள வந்து யாரக் கேட்டாலும் சொல்லுவாவ. ஒருவேள, கம்ப்யூட்டர்ல எதாவது பூட்டு தொறக்கணும்னு கேக்காளோ? அப்போ போன்லயே பாஸ்வேர்ட சொல்லுங்கக்கான்னுதான் கேப்பா. சொன்னா வேல முடிஞ்சிரும். முடிஞ்சா எதுக்கு வாரா? எடுக்காம இருந்தா ஓடி வந்துதான ஆவணும்? வந்தா, கையோட உக்கார வச்சு ரெண்டு வாய் சாப்புட வச்சு, பாஸ்வேர்டையும் சொல்லி அனுப்பலாம். நான் போன மேசையில வச்சிட்டேன். அது அடிச்சிச்சு, நின்னுச்சு, அடிச்சிச்சு, நின்னுச்சு. நான் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன். அப்பளத்தக்கூட பொரிச்சு வச்சிட்டேன், வந்தா சூடா இருக்கட்டும்னு.

வரல.

நீயே சொல்லும்மா, ஒரு எட்டு வந்திருக்கலாமா, கூடாதா? அத்தன தடவ போன் போட்ட நேரத்துக்கு நடந்தே வந்திருக்கலாம்.

மறுநா ஆபீசுக்குப் போனா எழவு வீடு மாரி இருக்கு. என்னன்னு கேட்டா, கண்டெய்னர் நம்பர்ல ஒரு எழுத்த மாத்திப் போட்டுட்டா வடிவு. எறா ஏத்துன கண்டெய்னரு. ஹார்பர் கேட்டுல நம்பரு ஒத்து வரலன்னு லாரிய நிப்பாட்டிட்டாவ. கிங்ஸ்லி அங்க நின்னு கத்துதான், "வெரசா திருத்தி அனுப்பு, கேட்ட அடைக்கப் போறாவ"ன்னு. இவ எடிட்ட தேடுதா, கெடையாது. மொதல்ல இருந்து புதுசாப் போட நேரமும் பத்தாது. எனக்குப் போன் போடுதா. மொதலாளி அவிய கம்ப்யூட்டர்ல பாக்காவ, அவியளுக்கும் பாக்க மட்டுந்தான். சீட்ட விட்டு எந்திரிச்சா ஹார்பர்ல இருந்து போன் வருது, எந்திரிக்கலன்னா மொதலாளி ஏசுதாவ. கேட்ட அடைச்சிட்டாவ. கப்பல் போயிட்டு.

பார்ட்டி எங்க ஆபீஸ விட்டே போயிட்டாரு. மொதலாளி அத்தன பேரு முன்னாடியும் வடிவ ஏசுனாவ. சொல்லக் கூடாத பேச்செல்லாம் பேசுனாவ. பொறவு என்னப் பாத்து, "நீ என்னம்மா சொல்லுத?"ன்னாவ. நான் உள்ளதச் சொன்னேன். "தப்பாப் பதிஞ்சது அவதான அண்ணாச்சி. பூட்டு அதோட வேலைய ஒழுங்காத்தான் செஞ்சிருக்கு"ன்னேன். சிஸ்டம் இன்சார்ஜு வேற என்ன சொல்ல முடியும்?

வடிவு அழல. என்கிட்ட வந்து, "போனையாவது எடுத்திருக்கலாம்லக்கா"ன்னா. பையத்தான் கேட்டா. நான், "நீ வந்திருக்கலாம்லா? ரெண்டு எல போட்டு உக்காந்திருந்தேன்"ன்னேன். என்ன ஒரு மாரி பாத்தா பாரு. என்னமோ நான் வேத்து பாசையில பேசுன மாரி. அதுக்கப்புறம் அந்த மாசம் முடிய என் சீட்டுக்கே வரல. தப்பாப் பதிஞ்சா, அழிக்காம திருத்தாம, எம்புட்டு நேரமானாலும் மொதல்ல இருந்து புதுசா ஒண்ணு போட்டுக்கிடுவா. மாசம் முடிஞ்சதும் வேலைய விட்டுட்டா. போவும்போது எல்லாருகிட்டயும் சொல்லிக்கிட்டா. நான் அப்பம் பாத்ரூம் போயிருந்தேன். வந்து பாக்கேன், சன்னலோர சீட்டு காலியாக் கெடக்கு. இப்படி ஆளு சொல்லாம போவுமா? எனக்கு அதுதான் மனத்தாங்கல். வேற ஒண்ணும் இல்ல.

திருநெல்வேலி வந்துட்டு. தண்ணி எதும் வாங்கணுமா உனக்கு? நான் வச்சிருக்கேன், குடி.

இப்பம் ஆபீஸ்ல அந்த ஓட்டமெல்லாம் கெடையாது. மொதலாளி மவன் படிச்சிட்டு வந்து எல்லாத்தையும் மாத்திட்டான். இனிமே யாரும் சீட்டு சீட்டா அலைய வேண்டாமாம். எதாவது திருத்தணும்னா அவிய அவிய சீட்டுல இருந்தே ஒரு பட்டன அமுக்குவாவ. என் ஸ்கிரீன்ல "டிங்"குன்னு ஒரு சத்தம் வரும். நான் சரின்னு அமுக்கணும். அம்புட்டுதான். பக்கத்து சீட்டுல இருக்கவன்கூட டிங்குன்னுதான் கேக்கான், திரும்பிப் பாக்க மாட்டேங்கான். கொஞ்ச நாளு நான் வேணும்னே அமுக்காம இருந்து பாத்தேன், வந்து கேக்கட்டும்னு. ஒருத்தரும் வரல. அவியபாட்டுக்கு காத்துக்கிட்டு இருக்காவ, போன நோண்டிக்கிட்டு. திரும்பவும் காலையில போறேன், சாயங்காலம் "வாரேன்"ங்கேன். டீ நடு மேசைக்கு வந்துட்டு.

மனுசரு பேச்சில்லாம இருக்கது எவ்வளவு கஷ்டம் தெரியுமாம்மா? உனக்குத் தெரியாது. உங்க வார்டுல எப்பம் பாத்தாலும் "சிஸ்டர், சிஸ்டர்"னு கூப்புட்டுக்கிட்டே இருப்பாவ. சலிச்சுக்கிடாத. கூப்புட ஆளு இருக்கது பெரிய விசயம்.

வடிவு புள்ளைக்கு இன்னைக்கு காது குத்து, வள்ளியூர் முருகன் கோயில்ல வச்சு. எல்லாருக்கும் போன்லயே கூப்புட்டுச் சொல்லியிருக்கா. எனக்கும் போட்டிருப்பா, லைன்தான் கெடச்சிருக்காது. அவளுக்குப் போன் போட்டா எப்பம் பாத்தாலும் ஒரே ஒரு ரிங்கு போவும், டக்குன்னு "பிஸி"ன்னு சொல்லிரும். எந்த நேரத்துல போட்டாலும் பிஸிதான். சவுதிக்காரரு கூட பேசிக்கிட்டு கெடப்பா, வேற என்ன. வாட்ஸப்புல எதாவது அனுப்புனா ஒரு டிக்குதான் விழுது, ரெண்டாவது விழவே மாட்டேங்கு. அந்த ஊர்ல டவரு கெடையாது போல. முன்னாடி புள்ள படத்த வச்சிருந்தா, அதையும் எடுத்துட்டா, வெறும் சாம்பக்கலர் பொம்மதான் இருக்கு. கண்ணுபட்டுரும்னு எடுத்திருப்பா.

ஏன் அப்படிப் பாக்க? மூஞ்சில எதும் ஒட்டியிருக்கா?

ஆபீஸ்ல எல்லாரும் வேன் புடிச்சுப் போயிருக்காவ. நானும் வாரேன்னு கிங்ஸ்லிகிட்ட சொன்னேன். "எடம் இல்லக்கா, நெறஞ்சு போச்சு"ன்னான். எங்க தெரு வழியாத்தான் போச்சு வேனு. பின்சீட்டு காலியாத்தான் கெடந்துச்சு. சாமான் ஏத்த வச்சிருப்பாவ. பரவாயில்ல, பஸ்ஸு இல்லியா என்ன. இந்தா பாரு, புள்ளைக்குக் கொலுசு வாங்கியிருக்கேன். முத்து வச்சது, நடந்தா சலசலன்னு கேக்கும். அளவுதான் தெரியல, படத்துல காலு தெரியலியே. என்ன பேரா? புள்ள பேரு என்னமோ ஸ்ரீன்னு முடியும். அவ சொல்லியிருப்பா, எனக்கு மறந்துட்டு.

நாங்குநேரி தாண்டியாச்சு. கரண்டு எடுக்க காத்தாடியெல்லாம் தெரியுது பாரு. இனி கொஞ்ச நேரந்தான். கோயில்லயே இருக்காவளா, இல்ல சாப்பாட்டுக்கு மண்டபத்துக்குப் போயிட்டாவளான்னு தெரியல. கேட்டுட்டா சள்ள இல்லாம நேரா போயிரலாம். இரு, ஒருதடவ போட்டுப் பாக்கேன்.

ஒரு ரிங்கு. பிஸி. சொன்னேன்லா. விசேச வீடு, எல்லாரும் போட்டுக்கிட்டு இருப்பாவ.

எம்மா, உன் போன்ல இருந்து ஒருதடவ போட்டுத் தாறியா? என் போன்ல எதும் கோளாறா இருக்கும். இந்தா, இந்த நம்பருதான். "கோயிலா, மண்டபமா"ன்னு மட்டும் கேட்டாப் போதும். எதுக்குத் தயங்குத, உன் காசு ஒண்ணும் போயிராது. போடும்மா.

ரிங்கு போவுதா? திரும்பவும் போவுதா? ஸ்பீக்கர்ல போடு, இங்ஙன கொண்டா.

எடுத்துட்டா! வடிவேதான். "யாரு பேசுறது"ங்கா. உஷ், இரு. "ஹலோ, சொல்லுங்க, யாரு"ங்கா. இல்ல, வேண்டாம். எம் பேரச் சொல்லாத. ராங் நம்பருன்னு சொல்லு. சொல்லி வச்சிரும்மா. வை.

மேளம் கேட்டுச்சுலா பின்னால? கோயில்லதான் இருக்காவ இன்னும். எடம் தெரிஞ்சு போச்சு. அதுக்குத்தான கேட்டோம்.

குரலு நல்லா இருக்கு அவளுக்கு. என்கிட்ட பேசும்போது அப்படிச் சிரிச்சிக்கிட்டே பேசுனதில்ல.

இரு. எதுக்கும் என் போன்ல இருந்து இன்னொரு தடவ.

ஒரு ரிங்கு. பிஸி.

இப்பத்தான வச்சா. யாருகூட பேசுதா?

நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா. உனக்கு அப்பமே தெரிஞ்சு போச்சு, அதான் அப்படிப் பாத்த. எனக்குத் தெரியாத வேலையா இது? வருசக்கணக்கா நான் பாத்த வேல. எல்லாருக்கும் இருக்கும், ஒரு ஆளுக்கு மட்டும் இருக்காது. அனுமதி இல்லன்னு மூஞ்சில அடிக்காது. டவரு இல்ல, லைன் பிஸி, போன்ல கோளாறுன்னு அந்த ஆளே ஒரு காரணத்தச் சொல்லிக்கிட்டுத் திரியும். சங்கடப்படக் கூடாதுன்னு எவ்வளவு பதவிசா எடுத்திருக்கா பாரு. நான் சொல்லிக்குடுத்த மாரியே. ஒரு நூல் பெசகல. கண்டெய்னர் நம்பர்ல பெசகுனவ இதுல பெசகல.

வலிக்குதும்மா. இங்ஙன, நெஞ்சுக்குள்ள. நீ நர்ஸுன்னு சொல்லல, சும்மா சொல்லுதேன்.

கண்டக்டரு சத்தம் போடுதாரு, வள்ளியூர் வந்துட்டு. கோபுரமெல்லாம் தெரியுது. நீ காலை நவுட்ட வேண்டாம், இரு. தம்பி! நான் எறங்கல. ஆமா, வள்ளியூருக்குத்தான் எடுத்தேன். நாகர்கோவிலுக்கு ஒண்ணு போட்டுக் குடுங்க. எறங்கலன்னா எறங்கல, என்னத்துக்குக் காரணம் கேக்கிய?

போயிட்டு அடுத்த பஸ்ஸுல திரும்பிருவேன். வீட்டுல யாரு இருக்கா, தேட.

அந்தப் புள்ள பேர நான் மறக்கலம்மா. கேக்கவே இல்ல. தெனமும் அது மூஞ்சில முழிக்கேன், பேரு என்னட்டின்னு ஒருநா அவகிட்ட கேட்டதில்ல. அவ வந்து நிப்பா, நான் பேசிக்கிட்டே இருப்பேன்.

இந்தா, டப்பாவப் பிரி. எடுத்துக்க. இன்னொண்ணு எடு, பொடிஞ்சா பொடியட்டும்.

ஏம்மா, உன் பேரு என்ன?